கவச மீன்கள் நம் முகத்தில் விட்டுச்சென்ற எலும்புகள்

கேள்வி: "தாடை உள்ள மீன்கள் எப்படி வந்தன என்பதற்குப் புதைபடிவச் சான்று உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது கருவியலை வைத்துச் செய்த ஊகம்தானா? கவச மீன்கள் வாரிசின்றி அழிந்த கிளை என்று கல்லூரியில் படித்தேன். இப்போது அவைதான் நம் மூதாதையர் என்கிறார்கள். எதை நம்புவது?"

பின்னதை நம்புங்கள். ஆனால் கொஞ்சம் எச்சரிக்கையோடு நம்புங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கல்லூரியில் படித்தது பழைய பாடம். விலங்கியல் ஆசிரியராக இருந்த நானும் அதையே வருடக்கணக்கில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு மரம் போடுவேன். அடியில் தாடையற்ற மீன்கள். மேலே ஒரு பக்கம் சுறாக்கள், மறு பக்கம் எலும்பு மீன்கள். நடுவில் குட்டையாக ஒரு கிளை, அதன் நுனியில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குட்டைக் கிளைதான் கவச மீன்கள். 2013-இல் சீனாவிலிருந்து ஒரு மீனின் விவரிப்பு வெளிவந்தது. அதைப் படித்த பிறகு அந்தப் பெருக்கல் குறியைப் போட எனக்குக் கை வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "கவச மீன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கூட்டங்களைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று ஆஸ்ட்ரகோடெர்ம்கள். இவற்றுக்கு எலும்பு ஓடு உண்டு, தாடை கிடையாது; வாய் என்பது ஒரு திறப்பு, அவ்வளவுதான். பொலிவியாவின் சகபாம்பா கிராமத்துக்கு அருகில் கிடைத்த சகபாம்பாஸ்பிஸ் இந்த வகை. சுமார் 46 கோடி ஆண்டுப் பழமையுள்ள அந்த மீனின் மாதிரி உருவம் ஒன்று ஹெல்சிங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேர் முன்னால் பார்க்கும் இரண்டு கண்களும் முக்கோண வாயுமாகத் திகைத்து நிற்கும் அந்த முகம் 2023-இல் இணையமெங்கும் கேலிப்படமாகச் சுற்றியதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது கூட்டம் பிளாக்கோடெர்ம்கள். தலையையும் உடலின் முன்பாதியையும் எலும்புத் தகடுகள் பெட்டிபோல மூடியிருக்கும், வால் பகுதி திறந்து கிடக்கும். இவற்றுக்குத் தாடை உண்டு. உங்கள் கேள்வி இவற்றைப் பற்றியது.

இவற்றை முதன்முதலில் கையில் எடுத்தவர்களுக்கு இது மீன் என்றே தோன்றவில்லை. ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டியைச் சேர்ந்த ஹியூ மில்லர் ஒரு கல்தச்சர். தன் ஊர்ப் பாறைகளில் கிடைத்த, இரண்டு பக்கமும் கை போன்ற உறுப்புகளை நீட்டிக்கொண்டிருந்த ஓர் உயிரைப் பார்த்து, ஆமைக்கும் மீனுக்கும் இடையிலான கண்ணியைப் பிடித்துவிட்டோம் என்றுதான் முதலில் எண்ணினார்; 1841-இல் வெளியான தன் நூலில் அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அது மீன்தான் என்று உறுதிசெய்து, "சிறகு மீன்" என்று பொருள்படும் பெயரோடு மில்லரின் பெயரையும் சேர்த்து வைத்தவர் சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி. அந்தக் "கைகள்" எதற்கு என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, அழிந்த கிளை என்ற எண்ணம் எப்படி வந்தது? சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு. கருவில் நமக்கும் முதலில் குருத்தெலும்புதான் வருகிறது, பிறகே எலும்பாகிறது. ஆகவே குருத்தெலும்பு பழையது, எலும்பு புதியது, எனவே சுறாதான் ஆதி வடிவம் என்று முடிவு கட்டினார்கள். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. தாடை உள்ள முதல் மீன் சுறா மாதிரி இருந்திருக்கும், தோலில் நுண்செதில்கள் மட்டுமே இருந்திருக்கும், முகத்தில் பெரிய எலும்புகள் இருந்திருக்காது. எலும்பு மீன்கள் பின்னால் வந்து அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொண்டன. இந்தக் கதையில் கவச மீன்களுக்கு இடமே இல்லை. அவற்றின் தகடுகளுக்கும் நம் முக எலும்புகளுக்கும் தொடர்பு இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பெரும்பாலான பிளாக்கோடெர்ம்களின் வாய் அமைப்பும் இதற்குத் துணைநின்றது. அவற்றின் வாய்க்குள் கடிக்கும் தகடுகள் சில இருக்கும். நம்முடையதைப் போல வாயின் வெளிவிளிம்பைக் கட்டும் எலும்புகள் இருக்காது.

இப்போது அந்தச் சீன மீன். யுன்னான் மாகாணத்தில் ச்சூஜிங் நகருக்கு அருகில் சிலூரியன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த பாறைகள் இருக்கின்றன; ஏறத்தாழ 42 கோடி ஆண்டுப் பழமை. அங்கே ஜு மின் தலைமையிலான பெய்ஜிங் குழு எடுத்த மீனுக்கு என்டெலொக்னாதஸ் என்று பெயர். "முழுமையான தாடை" என்று பொருள். நீளம் ஒரு சாண் அளவு, 20 சென்டிமீட்டர் சொச்சம். மேலிருந்து பார்த்தால் அசல் கவச மீன்: தலை ஓடு, மார்பு ஓடு, எல்லாம் பாடப்புத்தகப் படம்போலவே. பக்கவாட்டில் திருப்பி வாயைப் பார்த்தால் கதை வேறு. மேல்தாடையின் முன்னெலும்பு, அதற்குப் பின்னால் மேல்தாடை எலும்பு, கீழே தாடையின் பல்லெலும்பு, மூன்றும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. எலும்பு மீன்களுக்கும், அவற்றின் வழிவந்த தவளை, பல்லி, பறவை, மனிதர் எல்லோருக்கும் உரிய மூன்று எலும்புகள் இவை. பற்கள் மட்டும் இல்லை.

உங்கள் கீழ்த்தாடையைத் தடவிப் பாருங்கள். விரலில் படுவது அந்தப் பல்லெலும்புதான். பாலூட்டிகளில் கீழ்த்தாடை முழுவதும் அந்த ஒரே எலும்புதான். மேலே முன்பற்கள் ஊன்றி நிற்கும் இடம் அந்த முன்னெலும்பு. மனிதரில் அது பிறப்பதற்கு முன்பே மேல்தாடை எலும்போடு ஒட்டிப்போவதால் தனியாகத் தெரியாது. மனிதனுக்கு அது கிடையவே கிடையாது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1784-இல், அதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் ஒருவர் ஜெர்மானியக் கவிஞர் கெத்தே என்பது இங்கே தேவையில்லாத செய்திதான், ஆனாலும் எனக்குப் பிடித்தது.

என்டெலொக்னாதஸுக்கு இரண்டு விளக்கங்களே சாத்தியம். ஒன்று, கவச மீன் ஒன்று தற்செயலாக எலும்பு மீனின் முகத்தைத் தானாகவே உருவாக்கிக்கொண்டது. மற்றது, எலும்பு மீன்கள் தம் முகத்தைக் கவச மீன்களிடமிருந்து வாங்கிக்கொண்டன. ஒரே இடத்தில், ஒரே வரிசையில், ஒரே உறவில் மூன்று எலும்புகள் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று சொல்வது கடினம். 2016-இல் அதே பகுதியிலிருந்து, அதே குழுவிடமிருந்து, கிலின்யு என்ற இன்னொரு மீன் வந்தது. சீனப் புராண விலங்கான கிலினின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் மேல்தாடை எலும்புகள் முகத்திலும் தெரிகின்றன, வாய்க்குள்ளும் அகலமாக மடிந்து உட்போகின்றன. அதாவது பழைய கவச மீனின் உள்வாய்த் தகட்டுக்கும் நம் முக எலும்புக்கும் நடுவில் நிற்கும் நிலை. உள்ளே இருந்த கடிக்கும் தகடுதான் வெளியே வளர்ந்து தாடை எலும்பானது என்பது ஜு மின், அவரோடு ஆராய்ந்த பெர் அல்பெர்க் ஆகியோரின் வாதம். இதை எல்லோரும் ஏற்கவில்லை. பிராகுக்கு அருகே கிடைத்த மிகப் பழைய கவச மீன்களின் பற்களைச் சிங்க்ரோட்ரான் கதிரில் (கல்லை உடைக்காமலே உள்ளமைப்பைக் காட்டும் மிக வலிய ஊடுகதிர்) ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட குழு, அவை எலும்பு மீன்களின் பற்களைப் போலவே அமைந்திருப்பதைக் காட்டியது. அப்படியானால் பின்னால் வந்த கவச மீன்களின் கடிக்கும் தகடுகளே திரிந்த வடிவங்களாக இருக்கலாம். வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியென்றால் சுறா? மங்கோலியாவின் மேற்கே கிடைத்த 41 கோடி ஆண்டுப் பழமையுள்ள மின்ஜினியா என்ற கவச மீனின் மண்டையோட்டை மார்ட்டின் பிரேசோ குழு கணினி வழி ஊடுகதிர்ப் படமெடுத்து 2020-இல் ஒரு செய்தி சொன்னது. அதன் மண்டையோட்டின் உள்ளே, குருத்தெலும்பு இருந்த இடத்தில் உண்மையான எலும்பு வளர்ந்திருக்கிறது. இந்த வகை உள் எலும்பு எலும்பு மீன்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை கருதியிருந்தார்கள். சுறாக்கள் கிளை பிரிவதற்கு முன்பே அது இருந்தது என்றால், சுறாக்களின் முன்னோருக்கும் அது இருந்திருக்க வேண்டும்; பிறகு அவை அதைக் கைவிட்டிருக்க வேண்டும். நான் கரும்பலகையில் "ஆதி வடிவம்" என்று எழுதிய சுறா, உண்மையில் தன் எலும்பை இழந்து, உருமாறி வந்த பிராணி. இதைவிடத் தலைகீழாக ஒரு பாடம் மாற முடியாது.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன்: தாடையே எப்படி வந்தது? செவுள் வளைவுகளில் முன்னதாக இருந்த ஒன்று மடங்கித் தாடையானது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருத்து. ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் கெகன்பவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இதற்குக் கருவியல் ஆதாரம் உண்டு. புதைபடிவ ஆதாரம் நெடுங்காலம் இல்லை. செவுளைத் தாங்கிய வளைவு பாதி தாடையாகி நிற்கும் ஒரு மீன் இன்றுவரை கிடைக்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சுற்றுச் சான்றுகள் வந்துவிட்டன. கனடாவின் பர்ஜஸ் பாறைகளில் மெட்டாஸ்பிரிகினா என்ற விரல் அளவு மீனுக்கு ஏழு இணைச் செவுள் தண்டுகள் இருப்பதை 2014-இல் விவரித்தார்கள். ஐம்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள இந்த மீனுக்குத் தாடை இல்லை. ஆனால் ஏழில் முதல் இணை மட்டும் மற்றவற்றைவிடத் தடித்திருக்கிறது.

இன்னொரு தடை மூக்கு. இதைப் பாடப்புத்தகங்கள் கவனிப்பதில்லை. இன்றுள்ள தாடையற்ற மீனான லாம்ப்ரேயின் கருவில் மூக்கும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியும் ஒரே கட்டியாக முகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். தாடையைக் கட்ட வேண்டிய திசு முன்னால் நகர்ந்து வர அது வழிவிடாது. தாடை வேண்டுமென்றால் மூக்கு முதலில் இரண்டாகப் பிரிந்து விலக வேண்டும். சீனத்தில் கிடைத்த ஷூயு என்ற தாடையற்ற கவச மீனின் தலையை, விரல்நகம் அளவே உள்ளதை, கய் ஷிகுன் சிங்க்ரோட்ரானில் வைத்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். தாடை இன்னும் இல்லை. ஆனால் மூக்குப்பைகள் இரண்டாகப் பிரிந்து விலகிவிட்டிருக்கின்றன. வீடு கட்டுவதற்கு முன்பே மனை ஒழித்துவைக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் வடதுருவப் பகுதியைச் சேர்ந்த ரொமுண்டினா என்ற தாடையுள்ள கவச மீனில் அடுத்த நிலை தெரிகிறது: தாடை வந்துவிட்டது, ஆனால் முகம் இன்னும் பழையபடி. மூக்குக்கு முன்னால் ஒரு தடித்த மேலுதடு நீண்டிருக்கிறது, மூளையின் முன்பகுதி குட்டையாக இருக்கிறது.

சிங்க்ரோட்ரான் வருவதற்கு முன்பு இந்த உள்ளமைப்பை நுணுக்கமாகப் பார்க்கப் பெரும்பாலும் ஒரு வழியைத்தான் நம்பியிருந்தார்கள்: புதைபடிவத்தை அரைத்துத் தேய்த்து அழிப்பது. ஸ்டாக்ஹோமில் எரிக் ஸ்டென்சியோ ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் தாடையற்ற கவச மீன்களின் தலைகளை மெல்லிய அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு முகத்தையும் வரைந்து, மெழுகில் பெரிதாக்கி மீண்டும் கட்டினார். 1927-இல் வந்த அந்த ஆய்வில் நரம்புக் குழாய்கள் வரை தெரிந்தன. அதே நகரத்தில் 1980-களின் தொடக்கத்தில் சீனத்தின் ஜாங் மிமான், 2.8 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு யுன்னான் மீனின் மண்டையோட்டை ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெட்டுமுகங்களாகத் தேய்த்து வரைந்தார். இரவு பகலாகச் செய்த அந்த வேலை முடிந்தபோது கையில் மெழுகு மாதிரி இருந்தது, புதைபடிவம் இல்லை. இன்றைய யுன்னான் கண்டுபிடிப்புகள் அவர் போட்ட அடித்தளத்தின் மேல் நிற்கின்றன.

எல்லாம் 42 கோடி ஆண்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே, அதற்கு முன்னால்? 2022 செப்டம்பர் வரை இதற்குப் பதில் சொல்லத் திணற வேண்டியிருந்தது. அந்த மாதம் ஒரே நாளில் நான்கு கட்டுரைகள் வந்தன. சீனாவின் சோங்சிங் பகுதியின் ஷியுஷானில் 43.6 கோடி ஆண்டுப் பாறையில் முழு மீன்கள். குய்சோ மாகாணத்தில் 43.9 கோடி ஆண்டுப் பாறையில் பற்களும் செதில்களும் முட்களும். ஷியுஷானொஸ்டியஸ் என்ற கவச மீன் மூன்று சென்டிமீட்டர்தான், ஒரு நெத்திலிக் குஞ்சு அளவு. தலையிலிருந்து வால் வரை அப்படியே கிடக்கிறது. அதைவிடச் சுவையானது அதன் பக்கத்தில் கிடைத்த ஷெனகாந்தஸ். இது சுறா வழியைச் சேர்ந்தது, ஆனால் உடலின் முன்பகுதியில் கவச மீனைப் போன்ற பெரிய தகடுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன தலைகீழ்ப் பாடத்துக்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டுமா? குய்சோவின் கியானொடஸ் பற்கள் சில மில்லிமீட்டர் சுருள்கள்; பல் என்ற உறுப்பின் வரலாற்றை ஒரே அடியில் 1.4 கோடி ஆண்டுகள் பின்னால் தள்ளியவை.

இனி அந்தக் "கைகள்". மில்லருக்கு மாதிரிகள் கொடுத்துதவியவர்களில் ராபர்ட் டிக் என்றொருவர் உண்டு. வடகோடி ஸ்காட்லாந்தின் தர்சோவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். விடியலில் மாவு பிசைந்து ரொட்டி சுட்டு முடித்துவிட்டு, மிச்சப் பொழுதில் கடற்கரைப் பாறைகளைத் தேடி மைல்கணக்காக நடப்பார். 1866-இல் ஏழையாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய மைக்ரோபிராகியஸ் டிக்கி எட்டு சென்டிமீட்டர் கவச மீன். "சின்னக் கை" என்பது பெயரின் பொருள். இந்தக் கைகளால் நடந்ததா, மண்ணைப் பற்றியதா என்று நூறாண்டுக்கு மேல் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜான் லாங், எஸ்டோனியாவில் ஒரு பெட்டியிலிருந்த சிதறிய எலும்புகளைப் பார்த்தபோது ஆண் மீனின் பின்பகுதியில் கொக்கிபோல வளைந்த ஓர் எலும்பைக் கண்டார். அது புணர்ச்சி உறுப்பு. பெண்ணுக்கு அதே இடத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான தகடுகள். இரண்டும் எதிரெதிராக நிற்க முடியாது, பக்கத்தில் பக்கமாகத்தான் சேர முடியும். கைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள. 2014-இல் இது வெளிவந்தபோது, 38.5 கோடி ஆண்டுக்கு முந்தைய உள்கருவுறுதலின் சாட்சி என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. ரொட்டிக்கடைக்காரரை யாரும் நினைக்கவில்லை என்பது என் குறை.

லாங் இதற்கு முன்பே மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பகுதியில் பெயரெடுத்தவர். அங்கே மீன்கள் சுண்ணாம்புக் கட்டிகளுக்குள் நசுங்காமல் உருண்டையாகவே கிடக்கும். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரின் அமிலத்தில், மாதக்கணக்கில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து எலும்பு மட்டும் நிற்கும். அப்படி ஒரு மீனின் வயிற்றில் கருவையும் தொப்புள்கொடியையும் கண்டு, 2008-இல் அதற்கு மாடெர்பிஸ்கிஸ் என்று பெயரிட்டார்கள்: தாய் மீன். அதற்குப் பிறகுதான், வேறொரு கோகோ மீனின் வயிற்றில் "கடைசியாகத் தின்ற இரை" என்று 1981-இல் எழுதப்பட்டிருந்த சிறு எலும்புகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவையும் கருக்கள். இருபத்தெட்டு வருடம் குட்டியைச் சாப்பாடு என்று நினைத்திருந்தோம்! 2022-இல் கேட் டிரினாஜ்ஸ்டிக் குழு இன்னொரு கோகோ மீனில் 38 கோடி ஆண்டுப் பழமையான இதயத்தையே, ஈரலோடும் குடலோடும், முப்பரிமாணத்தில் காட்டியது.

டங்கிலியோஸ்டியஸ் என்ற பெரிய கவச மீனைப் பற்றி யாராவது பின்னால் கேட்பீர்கள், எனவே இப்போதே. 1867-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் ஜே டெரல் கண்டெடுத்தது. பல்லுக்குப் பதில் தானே தீட்டிக்கொள்ளும் கத்தரி போன்ற எலும்பு அலகுகள். எட்டு மீட்டர், பத்து மீட்டர் என்று படிக்கிறீர்களே, அவை பழைய மதிப்பீடுகள். தலையும் மார்பும் மட்டுமே கல்லில் நிற்பதால் மிச்ச உடலை ஊகித்துத்தான் நீட்டினார்கள். 2023-இல் ரஸ்ஸல் எங்கல்மன் தலையின் விகிதங்களை வைத்துக் கணக்கிட்டதில் முழுவளர்ச்சி பெற்றதே சுமார் 3.4 மீட்டர், பெரிதானால் 4.1 மீட்டர் என்று வந்தது. குட்டையாக, பருத்து, சூரை மீன் வாட்டத்தில் இருந்திருக்கும். அது நமக்கு நேர் மூதாதையும் அல்ல. கவச மீன் கூட்டம் முழுவதும் டெவோனியன் முடிவில், சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அழிந்தது உண்மைதான். அதற்கு வெகுநாள் முன்பே அதில் ஒரு கிளை எலும்பு மீன்களாகவும் சுறாக்களாகவும் பிரிந்து போய்விட்டிருந்தது.

எச்சரிக்கை என்று தொடக்கத்தில் சொன்னேன். கவச மீன்கள் ஒரே குடும்பமா, அல்லது நம் வம்ச மரத்தின் தண்டில் வரிசையாகப் பிரிந்த பல கிளைகளா என்பதில் இன்னும் சிலர் ஒரே குடும்பம் என்ற பக்கம் நிற்கிறார்கள். ஒரே குடும்பம்தான் என்று முடிவானால் அவை நம் பெற்றோர் ஆகமாட்டா, பெரியப்பா சித்தப்பா முறைதான். அப்போதும் முகத்து எலும்புகள் பொதுவான பாட்டனிடமிருந்து வந்தவை என்பது மாறாது. இரண்டாவது, 43.9 கோடிக்கு முன்னால் உள்ள இருட்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ஹார்டிங் மணற்கல் என்ற, சிலூரியனுக்கு முந்தைய ஆர்டோவிசியன் காலப் பாறை இருக்கிறது. தாடையற்ற கவச மீன்களின் துண்டுகளை சார்ல்ஸ் வால்காட் 1892-இலேயே அங்கிருந்து விவரித்தார். அதே மணற்கல்லிலிருந்து சுறாவினுடையதைப் போன்ற நுண்செதில்களும் பின்னர் கிடைத்திருக்கின்றன. சுறா இருந்தால் தாடை இருந்திருக்க வேண்டும். செதிலை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். அந்தப் பாறையிலிருந்து இதுவரை ஒரு தாடை எலும்போ ஒரு பல்லோ வரவில்லை.